பாசிக்காரி வேடம்

டெல்சியின் விரல்களில் காயம் வரைந்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. மேக்கப்காரர் அலியார் பொறுமைசாலி. கடல்பாசி எடுக்கிற பெண்களின் கைகளைப் படமெடுத்துத் தன் செல்போனில் வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து, பாறை கிழித்த கோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"நல்ல கைம்மா. இதக் கெடுக்க மனசே வரமாட்டேங்குது" என்றார்.

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். டெல்சி சட்டென்று உள்ளங்கையை மூடிக்கொண்டாள். பத்து வயதிலிருந்து கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவளுக்கு இப்படியா கை இருக்கும் என்று இந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும், எல்லாம் கந்தலாகிவிடும். நல்ல வேளை, ஷூட்டிங் நடக்கிற இடத்தில் யோசிக்கிற வேலை டைரக்டர் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதோடு சரி.

அந்தக் கைதான் அவளைத் தூக்கிவிட்டது. ராமநாதபுரத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு கல்யாண வீட்டில் போட்டோகிராபர் மோதிரத்தைப் படமெடுக்கப் பெண் வீட்டுக்காரர்கள் கை எதுவும் தோதுப்படாமல், பந்தி பரிமாறிக்கொண்டிருந்த டெல்சியின் கையைக் கடன் கேட்டார். அந்தப் படம் ஒரு நகைக்கடையின் காலண்டரானது. மறு வருஷம் கையோடு முகமும் வந்தது. பட்டுச்சேலையில் அவள் சிரிக்கிற போர்டு ஒன்றை உச்சிப்புளி ரோட்டில் வைத்தார்கள். பஸ்ஸில் போகிற சனம் எல்லாம் "நம்ம பாம்பன் புள்ள" என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. பிறகு சென்னை, ஷாம்பு, சமையல் எண்ணெய், சேலைக் கடைகளின் ராம்ப் வாக். மூன்று படங்களில் கதாநாயகியின் தோழியாக வந்து, மூன்றிலும் இடைவேளைக்கு முன்னால் காணாமல் போனாள். அவளைப் போல நூறு பேர் அங்கே வரிசையில் நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் மாரிச்செல்வி என்கிற யூடியூப்காரி ஒரு பேட்டி எடுத்தாள். சிரித்த முகத்தோடு, "உங்க சின்ன வயசு எப்படி?" என்று கேட்டாள். டெல்சி வாயைத் திறந்தாள். வந்தது அவள் சின்ன வயசு இல்லை, அவள் அக்கா கிறிஸ்டினாவுடையது. அம்மா செத்துப் போனதும் கடலில் இறங்கிப் பாசி எடுத்தது, பாறை கிழித்த விரலில் உப்புத் தண்ணீர் பட்டது, காய்ச்சலோடு மூழ்கியது, எல்லாம். கிறிஸ்டினா இறங்கியது பதினாலு வயதில். டெல்சி அதைப் பத்தாக்கினாள், கேட்க இன்னும் உருக்கமாக இருக்குமே என்று. கடைசியில், "விடியக்காலையில அழுதுகிட்டேதான் கடல்ல இறங்குவேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். பேட்டியை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் டைரக்டர் யோகேஸ்வரன். பாசி எடுக்கிற பெண்ணைப் பற்றி ஒரு கதையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக நாயகி தேடிக்கொண்டிருந்தவர் மறுநாளே போன் செய்தார்.

"என் படத்துல டூப் கிடையாது. அந்த வாழ்க்கைய வாழ்ந்த பொண்ணே நடிக்குது" என்று போகிற இடமெல்லாம் சொன்னார் மனிதர். டெல்சி சத்தம் காட்டாமல் வடபழனியில் ஒரு நீச்சல் குளத்தில் மூன்று மாதம் மூச்சடக்கிப் பழகினாள்.

பேட்டி வெளிவந்து எட்டு மாதம் ஆகிறது. கிறிஸ்டினா அன்றிலிருந்து தங்கையின் போனை எடுக்கவில்லை. இன்றைக்குப் பாம்பன் கரையில், கூட நடிக்கக் கூப்பிட்ட எட்டுப் பாசிக்காரிகளில் ஒருத்தியாக வந்து நிற்கிறாள். இருவரும் அக்கா தங்கை என்று டைரக்டருக்குத் தெரியும். இருவருமே பாசி எடுத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்வாளா மாட்டாளா என்பது ஒன்றுதான் டெல்சியின் நெஞ்சில் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, படப்பிடிப்பை வீடியோ எடுக்கிறேன் என்று அதே மாரிச்செல்வி கேமராவோடு திரிந்தாள்.

கேரவனில் உடை மாற்றும்போது பாசி போடுகிற வலைப்பையை உதவிப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். "இத எப்படிக்கா கட்டணும்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும், குடு" என்றாள் டெல்சி. தெரிந்தவள் மாதிரி சேலைக்கு மேலே கயிற்றை இடுப்பில் சுற்றி இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டாள். அதன் மேல் பாசிக்காரிகள் போடுகிற ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். அந்த முடிச்சை அவள் கை யோசிக்காமலே போட்டது. சின்ன வயதில் அவள் செய்த ஒரே பாசி வேலை அதுதான். வேன் வந்ததும் கரையில் நிற்கிற மூட்டைகளின் வாயை இறுக்கிக் கட்டித் தருவாள்.

கரைக்கு வந்தபோது மணி ஏழரை. எட்டுப் பெண்களும் முங்குகிற கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றித் தயாராக இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மிக்கேலம்மாள். அறுபது வயதுக்காரி, முப்பது வருஷமாகக் கடலில் இறங்குகிறவள். டைரக்டரிடமே கறாராகப் பேசினாள்.

"ஒம்பது மணிக்குள்ள முடிச்சிருங்க. கச்சான் காத்து எந்திரிச்சா தண்ணி கலங்கிரும், அப்புறம் ஒரு பொம்பளையையும் எறக்க மாட்டேன். இன்னொண்ணு. நாங்க சோடி சோடியாத்தான் இறங்குவோம். ஒருத்தி முங்குனா, அவ தல மேல வாரவரைக்கும் இன்னொருத்தி முங்கக்கூடாது. ஒங்க புள்ளைக்கும் ஒரு சோடி வேணும்."

"அக்கா இருக்காங்களே. ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒண்ணாத்தான இறங்கியிருப்பீங்க?" என்று யோகேஸ்வரன் கிறிஸ்டினாவைப் பார்த்தார்.

கிறிஸ்டினா தங்கையைப் பார்த்தாள்.  மாரிச்செல்வியின் கேமரா பக்கத்தில்தான் இருந்தது.

"கரைக்கு ஒண்ணாத்தான் வருவோம்" என்றாள் கிறிஸ்டினா.

டைரக்டர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை, கேமராவைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று, ஒருத்தி இடுப்பை இன்னொருத்தி தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்கள் வழக்கம். பையின் கயிற்றை யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஒரு சுற்றுச் சுற்றி நுனியைச் சொருகிக்கொள்வதோடு சரி. பை பாறையில் மாட்டினால் ஒரு இழுப்பில் கயிறு கழன்று பை போய்விடும், ஆள் மேலே வந்துவிடலாம். சொருகியிருக்கிறதா என்று சோடிக்காரி தொட்டுப் பார்க்காமல் எவளும் கடலில் கால் வைக்க மாட்டாள். வேனுக்கு மூட்டை கட்டிக் கொடுத்த டெல்சிக்கு இது தெரியாது.

கிறிஸ்டினா அவளிடம் வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"இடுப்பக் காட்டு."

எல்லோரும் பார்க்க அக்கா தன்னைச் சோதிக்கிறாள் என்றுதான் டெல்சி நினைத்தாள். இங்கே வைத்தே மானத்தை வாங்கப் போகிறாள் என்று பயந்தாள். பயம் வீம்பாக மாறியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எல்லாம் கட்டிட்டேன். எனக்குத் தெரியும்" என்றாள், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி.

கிறிஸ்டினாவின் கை அந்தரத்தில் நின்றது. மாரிச்செல்வியின் கேமராவை ஒரு பார்வை பார்த்தாள், கை கீழே இறங்கியது. "சரி" என்றாள்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், இரண்டு ஆள் ஆழத்தில் ஷாட். தண்ணீருக்குள் கேமராமேன் ஒருவர் காற்றுக் குடுவையோடு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை டெல்சி நன்றாகவே மூழ்கினாள். நீச்சல் குளமும் கடலும் ஒன்றில்லைதான். ஆனால் பயந்துகொண்டே ஒன்றைச் செய்வது மாடலிங்கில் ஊறிப்போன பழக்கம். பாறையில் கை வைத்து, ஒரு பிடி பாசியைப் பிய்த்து, பைக்குள் போட்டு மேலே வந்தாள். படகிலிருந்த யோகேஸ்வரன் கட்டைவிரலைக் காட்டினார். "இன்னும் ஒண்ணு. கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி வேணும்" என்றார். கேட்டது அப்படியே கிடைக்கத்தான் போகிறது.

இரண்டாவது தடவை மேலே கிளம்பும்போது இடுப்பில் யாரோ பிடித்து இழுத்தது போல் இருந்தது. திரும்பினாள். வலைப்பை பாறை இடுக்கில் மாட்டியிருந்தது. இழுத்தாள், வரவில்லை. சட்டைக்குள் கையை விட்டு முடிச்சைத் தேடினாள். நனைந்த கயிறு கல்லாக இறுகியிருந்தது. விரல் நுழையவில்லை. கேமராமேனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் பக்கத்தில் வந்தார். கஷ்டப்படுகிற மாதிரி வேண்டும் என்று சொல்லியிருந்தார்களே, பெண் பிரமாதமாகச் செய்கிறது என்று நினைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். டெல்சி காலை உதைத்தாள். தலைக்கு மேலே வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. நெஞ்சு வெடிக்கப் போனது, வாய் திறந்தது, உப்பு உள்ளே இறங்கியது. செத்துப்போகப் போகிறோம் என்பதை அவள் தெளிவாக நினைத்தாள்.

மேலே கிறிஸ்டினா கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். தலை வர வேண்டிய நேரம் தாண்டியதும் அவள் யாரையும் கேட்கவில்லை. இறங்கினாள். பாறையில் ஒரு காலை ஊன்றி, வலையை இரண்டு கையாலும் பிடித்து இடுக்கிலிருந்து பிய்த்தாள். துணி சுற்றிய விரல்கள் துணியோடு கிழிந்தன. தங்கையின் சட்டைக் காலரைப் பற்றி மேலே இழுத்து வந்தாள்.

கரையில் டெல்சி தண்ணீர் தண்ணீராக வாந்தி எடுத்தாள். அலியார் துண்டைக் கொண்டு ஓடி வந்தார். ஸ்டண்ட் மாஸ்டர் மணலில் குதித்தார். "கயிறு எப்படிக் கழலாமப் போச்சு? யாருய்யா இத மாட்டிவிட்டது? ஏதாவது ஆகியிருந்தா எங்க எல்லாரையும்ல உள்ள வச்சிருப்பாங்க?"

மிக்கேலம்மாள் குனிந்து டெல்சியின் சட்டையைத் தூக்கினாள். முடிச்சைப் பார்த்தாள். பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாசி எடுக்குறவ இப்படிக் கட்ட மாட்டா" என்றாள் மிக்கேலம்மாள் மெதுவாக. "கனவுல கூடக் கட்ட மாட்டா."

யோகேஸ்வரன் நெருங்கி வந்தார். அவர் கண் முடிச்சிலிருந்து டெல்சியின் முகத்துக்குப் போனது. கணக்குப் போடுகிறார் என்பது டெல்சிக்குப் புரிந்தது. மாரிச்செல்வியின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான் கட்டுனேன்" என்றாள் கிறிஸ்டினா.

எல்லோரும் திரும்பினார்கள். கையிலிருந்து ரத்தம் சொட்ட அவள் நின்றிருந்தாள்.

"நீயா?" என்றாள் மிக்கேலம்மாள்.

"ஆமா. ஏதோ நெனப்புல கட்டிட்டேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

மிக்கேலம்மாள் அவளை நெடுநேரம் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அவள் தலைக்கு இவளும், இவள் தலைக்கு அவளுமாகக் காவல் இருந்து இறங்கியவர்கள். "கடல்ல ஏதோ நெனப்புல கட்டுறவ எனக்கு வேணாம் தாயி" என்றாள். "நாளையிலருந்து எங்கூட இறங்காத." மற்றப் பெண்கள் மணலைப் பார்த்தார்கள். நீ என்னோடு வா என்று ஒருத்தியும் சொல்லவில்லை. சோடி இல்லாதவள் கடலில் இறங்க முடியாது. அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது, அதற்கு எழுத்தும் கையெழுத்தும் தேவையில்லை.

"அந்தம்மாவ முதல்ல வெளிய அனுப்புங்க" என்றார் ஸ்டண்ட் மாஸ்டர்.

கிறிஸ்டினா கண்ணாடியைக் கழற்றினாள். செருப்பை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

டெல்சி மணலில் உட்கார்ந்தபடி அந்த முதுகைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். இன்னும் பத்து எட்டு வைத்தால் அக்கா படகுகளுக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். அதற்குப் பிறகு போஸ்டரில் பெரிய முகம், முதல் பெயர், அவளுக்காகக் கதை எழுதிக்கொண்டு வருகிற ஆட்கள். ஐந்து வருஷமாக இதற்காகத்தானே பட்டினி கிடந்து இடுப்பைக் காத்தாள். சும்மா இருப்பதற்கு ஒரு திறமையும் வேண்டாம். முதல் எட்டு, இரண்டாவது எட்டு என்று அவள் எண்ணவே செய்தாள். வெட்கக்கேடுதான், ஆனால் எண்ணினாள்.

"நான்தான் சார் கட்டுனேன்" என்றாள்.

அலைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னாள். "எனக்குப் பாசி எடுக்கத் தெரியாது சார். ஒரு நாள்கூட நான் கடல்ல இறங்கினதில்ல. மூட்டைக்குப் போடுற முடிச்சத்தான் இடுப்புல போட்டேன். எங்க அக்கா இடுப்பக் காட்டுன்னு கேட்டுச்சு. நான் காட்டல. அந்தப் பேட்டியில சொன்னது எல்லாம் எங்க அக்கா கதை."

 கிறிஸ்டினா திரும்பி விறுவிறுவென்று நடந்து வந்தாள். வந்த வேகத்தில் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி சொன்ன? கூறுகெட்டவளே, ஏண்டி சொன்ன? எட்டு மாசமா ஊருல ஒருத்தி வாயத் தொறக்காம நான் பாத்துக்கிட்டேன். இது எங்க வீட்டு விசயம், எவளாச்சும் மூச்சு விட்டா நடக்குறதே வேறன்னு ஒவ்வொருத்தி வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். ஒரு நிமிசத்துல கவுத்துட்டியே. இந்தக் கெளவிக்கு இன்னைக்கில்லாட்டி நாளைக்கு எம்மேல மனசு எறங்கிரும். ஒனக்கு இத விட்டா என்னடி இருக்கு?"

 காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று இத்தனை நாள் டெல்சி யாருக்குப் பயந்தாளோ, அவளே வாசலில் காவல் இருந்திருக்கிறாள்.

யோகேஸ்வரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, களைப்பா என்று சொல்ல முடியவில்லை. டெல்சியைப் பார்க்காமல் கிறிஸ்டினாவிடம் கேட்டார். "அப்ப சின்ன வயசுல அழுதுகிட்டே கடல்ல இறங்குனது நீங்களாம்மா?"

"அதுக்குத்தான் சார் எனக்கு ஆத்திரம்" என்றாள் கிறிஸ்டினா. "எங்கதைய எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும், எந் தங்கச்சிதான. ஆனா நான் எதுக்கு அழுவணும்? எங்கம்மா செத்த வீட்டுல நாலு செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்குறது எனக்கு நரகமா இருந்துச்சு. முத நாளு கடல்ல முங்குனப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு. உள்ள ஒரு சத்தம் இருக்காது. யாரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாக. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுதான் இடம். அந்தப் பேட்டி வந்ததுலருந்து தெருவுல போறவுக எல்லாம் என்னையப் பாவமாப் பாக்குறாக."

"அப்ப அந்த அழுகை?" என்றார் டைரக்டர்.

கிறிஸ்டினா தங்கையைக் கையால் காட்டினாள்.

"அழுதது இவ. ஆறு வயசு. இங்கன கரையில உக்காந்திருப்பா. நான் முங்குனா, அக்கா செத்துருச்சு, அக்கா செத்துருச்சுன்னு கத்துவா. தல வெளிய வந்தா நிப்பாட்டுவா. மறுபடி முங்குனா மறுபடி அழுவா. நாளு பூரா. அவ்வளவு பயம் கடல்னா. அதனாலதான் சார் இவள எறக்கல. வெயில் படாம வளக்கணும்னு எல்லாம் இல்ல."

டெல்சி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். விடிகாலை, அழுகை, அக்காவின் நனைந்த தலை. எல்லாம் அவளுக்கு நினைவில் இருந்தன. யாருடைய அழுகை என்பதுதான் மறந்து போயிருந்தது. பதினெட்டு வருஷமாக அக்கா அழுததாகவே நம்பியிருக்கிறாள். ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை.

யோகேஸ்வரன் உதவி டைரக்டரிடமிருந்து காகிதக் கட்டை வாங்கினார். இரண்டு பக்கம் புரட்டினார், திருப்பிக் கொடுத்தார். "இன்னைக்கு பேக்கப்" என்றார். பிறகு டெல்சியிடம், "பொய் சொன்னதுக்கு நான் உன்ன மன்னிக்கல. அது தனி. அந்தக் கரையில உக்காந்திருந்த புள்ளைய உன்னால நடிக்க முடியுமான்னு யோசிச்சு வை. முடியாதுன்னா நாளைக்கு சென்னைக்கு டிக்கெட் போடச் சொல்றேன். தண்ணிக்குள்ள யாரு இறங்குறதுங்கறத உங்க அக்காட்ட நான் பேசிக்கிறேன், படத்துல அவங்க பேரு போட்டுத்தான்" என்றார். போகிற வழியில் மாரிச்செல்வியின் கேமராவைக் கையால் மூடினார்.

மிக்கேலம்மாள் கிறிஸ்டினாவின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய்யி சொல்லுறதுல ரெண்டும் ஒரே கிளை" என்று முணுமுணுத்தாள். ஆனால் பிடித்த கையை விடவில்லை. தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள்.

கச்சான் எழும்பிவிட்டது. கடல் கலங்க ஆரம்பித்தது. ஆட்கள் ஒயர்களைச் சுருட்டினார்கள். டெல்சி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நடிப்புக்கு வருகிற அழுகை மாதிரி அது கண்ணோடு நிற்கவில்லை. தோள், வயிறு எல்லாம் குலுங்கி, ஆறு வயசுப் பிள்ளையைப் போல வாயைத் திறந்துகொண்டு அழுதாள்.

கிறிஸ்டினா கட்டுப் போட்ட கையோடு வந்து அவளுக்கு எதிரே நின்றாள். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. குரல் மட்டும் பழைய குரலாக இருந்தது.

"அழுவாத. அதான் மேல வந்துட்டேன்ல" என்றாள்.